ஏற்காடு ஏற எஸ்டீமுக்கு டர்போ: கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சேலத்தில் ஓடும் மாருதி எஸ்டீம், 1298 சிசி, ஜி13பிபி எம்பிஎஃப்ஐ எஞ்சின். நாலு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டால் ஏற்காடு மலையில் இழுவை போதவில்லை. 120 குதிரைத்திறன் பக்கம் கொண்டுவர எந்த டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்), கூடவே என்னென்ன பாகம், பழைய டீசல் வண்டி டர்போ மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகுமா?

பெரும்பாலும் டர்போவை முதலில் வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மிச்சப் பணத்தில் மற்றதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். எஞ்சின் போவது அந்த மிச்சத்தில்தான். எரிபொருளையும் இக்னிஷனையும் ஆள்கிற கணினியான ஈசியு முதலில், சூட்டைச் சமாளிக்கும் பாகங்கள் அடுத்து, டர்போ கடைசி. பட்ஜெட்டில் டர்போவுக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் போகிறதென்றால் வேறு எங்கோ அவசியமானதை விட்டிருக்கிறீர்கள்.

மலை என்ன கேட்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்து சுமார் 1175 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் 30 கிமீ வேகத்தில் ஏற 10 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 14, 15 குதிரைத்திறன்தான் தேவை. 85 குதிரை எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. அப்படியானால் ஏன் திணறுகிறது? 20 கொண்டை ஊசி வளைவிலும் வேகம் 15, 20க்கு இறங்குகிறது. செகண்ட் கியரில் எஞ்சின் 1500 ஆர்பிஎம் பக்கமோ அதற்கும் கீழோ கிடக்கிறது. இந்த 16 வால்வு எஞ்சின் 3500க்கு மேல்தான் விழிக்கும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1500 மீட்டர் அளவில். காற்றழுத்தம் 0.98 பாரிலிருந்து 0.845 பாருக்கு இறங்கும். மேலே காற்று குளிர்ச்சி என்பதால் அடர்த்தி அந்த அளவுக்குக் குறையாது என்றாலும் எட்டில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆகவே உங்களுக்குத் தேவை 6000 ஆர்பிஎம்மில் வரும் 120 குதிரை அல்ல, 2300, 2500 ஆர்பிஎம்மிலேயே வரும் டார்க் (சுழற்று விசை). இதை மனதில் வைத்தால் பாதித் தேர்வு முடிந்தது: சின்ன டர்போ, குறைந்த பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம்).

ஆனால் அதற்கும் முன்னால் எஞ்சினைச் சோதியுங்கள். இந்த வயது எஸ்டீம் மலையில் இழுக்கவில்லை என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம், வால்வு கிளியரன்ஸ் இறுகியிருக்கலாம், டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி நிற்கலாம். இதைச் சரிசெய்தாலே சிலருக்கு டர்போ ஆசை போய்விடுகிறது, பணமும் மிச்சம். கம்ப்ரஷன் டெஸ்டை எஞ்சின் சூடாக இருக்கும்போது, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்து எடுக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ பக்கம் வந்தால் நல்ல எஞ்சின். 12க்குக் கீழே, அல்லது சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் என்றால் டர்போ பேச்சையே எடுக்க வேண்டாம், முதலில் ரிங் வேலை. அப்படித் திறந்தால் ஒன்று செய்துகொள்ளுங்கள். போர் 74 மிமீ, டர்போவுக்கு மேல் ரிங்கின் வாய் இடைவெளி போரில் 0.005 மடங்கு, அதாவது 0.37 மிமீ வைக்கச் சொல்லுங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனையோடு முனை முட்டும், ரிங் உட்காரும் பிஸ்டன் விளிம்பு உடையும். கம்ப்ரஷனைக் குறைக்கிறேன் என்று தடித்த ஹெட் கேஸ்கட் போடும் யோசனை வேண்டாம். பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே நெருக்கமாக இருக்க வேண்டிய இடம் அகன்று, நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். 0.5 பார் பூஸ்டுக்கு இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் அப்படியே தாங்கும். இதுவே 11 பக்கம் கம்ப்ரஷன் உள்ள புது 1.2 எஞ்சினாக இருந்தால் 0.3 பாரோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

இனி ஈசியு. கம்பெனி ஈசியுவும் அதன் மேப் சென்சாரும் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்று அழுத்தம் வரைக்கும்தான் பார்க்கும். அதற்கு மேல் அதற்குக் கண் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது காற்று கூடும், பெட்ரோல் கூடாது, இக்னிஷனும் பின்வாங்காது. பூஸ்டுக்கு ஏற்ப பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரைசிங் ரேட் ரெகுலேட்டர், கூடுதலாக ஒரு ஐந்தாவது இன்ஜெக்டர் என்று பழைய வித்தைகள் உண்டு. வேறு வழியில்லாத காலத்தில் செய்தவை அவை. இன்று ஸ்பீடுயினோ, மெகாஸ்குவிர்ட் போன்ற, நாமே அமைத்துக்கொள்ளும் ஸ்டாண்ட்அலோன் ஈசியுவே பொருத்தம். 2.5 பார் மேப் சென்சார், இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) பின்னால் த்ராட்டில் பக்கத்தில் திறந்த முனை உள்ள காற்று வெப்ப சென்சார் (ஃபில்டர் டப்பாவில் இருக்கும் பழையது 45 டிகிரி என்று சொல்லும், உள்ளே போகும் காற்றோ 65 டிகிரியில் இருக்கும்), புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் போஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சார். இவை மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஈசியுவுக்கு அர்த்தம். உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரா காயில் பேக்கா என்று பார்த்து, அதை ஓட்டத் தெரிந்த ஈசியுவாக வாங்குங்கள்.

இதில் முக்கியம்: இதையெல்லாம் டர்போ இல்லாமலேயே பொருத்தி, ஒரு மாதம் சேலம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள். காலை ஸ்டார்ட், ஐடிலிங், ஏசி போடும்போது ஆர்பிஎம் விழுவது எல்லாம் சீராக வேண்டும். டர்போவோடு சேர்த்துப் போட்டால் எந்தக் கோளாறு எதிலிருந்து வருகிறது என்று தேடியே ஓய்ந்து போவீர்கள்.

இன்ஜெக்டர் கணக்கு எளிது. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.60 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வையுங்கள். 115 குதிரைக்கு 69 பவுண்டு. நாலால் வகுத்து, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 0.8ஆல் மறுபடி வகுத்தால் ஒன்றுக்கு 21.6 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 227 சிசி. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆகவே 3 பாரில் 270 சிசி பக்கம் உள்ளதை வாங்குங்கள். 440 சிசி மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால் ஐடிலிங்கில் தடுமாறும். அடுத்து, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) உள்ள பிரஷர் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து வேக்கம் டியூப் வருகிறதா பாருங்கள். வந்தால் பூஸ்ட் ஏற ஏற ரெயில் அழுத்தமும் ஏறும், நல்லது. டியூப் இல்லாமல் ரெகுலேட்டர் டேங்கிலேயே இருந்தால் 0.5 பார் பூஸ்டில் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 2.5 பார்தான், ஓட்டம் 9 சதவீதம் குறையும். பம்பை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்: ரிட்டர்ன் டியூபை அளவு ஜாரில் விட்டு, ரெயில் அழுத்தத்தை 3.5 பாரில் வைத்து 30 விநாடி ஓடவிட வேண்டும். எஞ்சின் குடிக்கப்போவது மணிக்கு 42 லிட்டர் அளவு. ஜாரில் அரை லிட்டராவது விழுந்தால் (மணிக்கு 60 லிட்டர் கணக்கு) தாராளம். எத்தனாலுக்குத் தாங்காத பழைய ரப்பர் டியூப்களை ஆர்9 தர எரிபொருள் ஹோஸாக மாற்றிவிடுங்கள். சூடான டர்பைன் (டர்போவில் புகை சுழற்றும் பகுதி) பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் வண்டியே மிஞ்சாது.

இப்போதுதான் டர்போ. 6000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3894 லிட்டர் விழுங்க வேண்டும், 85 சதவீதம் நிரம்பும் என்றால் 3310 லிட்டர். சேலத்தில் 0.5 பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் 1.48 பார். மே மாத 40 டிகிரிக் காற்றை டர்போவின் கம்ப்ரஸர் அழுத்தும்போது 107 டிகிரி வரை சூடாகும், ஓரளவு நல்ல இன்டர்கூலர் அதை 63க்கு இறக்கும். அந்த வெப்பத்தில் அந்தக் காற்றின் எடை நிமிடத்துக்கு 5.1 கிலோ, கம்ப்ரஸர் மேப்பில் (டர்போ கம்பெனி தரும் வரைபடம்) போடும் அளவில் 11.2 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 10 குதிரை என்ற தோராயக் கணக்கில் 112. நீங்கள் கேட்ட 120க்கு 0.6 பார் வேண்டும். முதல் வருடம் 0.5 போதும் என்பது என் கருத்து.

மேப்பில் இன்னொரு எண் பிரஷர் ரேஷியோ, அதாவது கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தது. ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் சேலத்தில் 1.63. அதே 0.5 பார் வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங்கோடு ஏற்காட்டில் 1.74. எலெக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோல் வைத்து மேலேயும் அதே 1.48 பாரைப் பிடிக்கச் சொன்னால் 1.9. மலையில் டர்போ அதிக வேகத்தில் சுழல்கிறது என்று அர்த்தம். எனவே வெறும் ஸ்பிரிங்கோடு விடுங்கள். அப்படி விட்டாலும் ஏற்காட்டில் 1.345 பார் கிடைக்கும், டர்போ இல்லாமல் சேலத்தில் கிடைத்த 0.98ஐ விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

இந்த அளவுக்கு கேரட் ஜிடி1241 (50 முதல் 130 குதிரை), ஜிடி1544 (100 முதல் 150 குதிரை, 1.0 முதல் 1.6 லிட்டர்) இரண்டும் பக்கத்தில் வரும். காகிதத்தில் 1544தான் சரி. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும் இழுவைதான் குறி என்றால் நான் 1241 பக்கம் சாய்வேன், 5500க்கு மேல் மூச்சு முட்டினால் முட்டட்டும். பழைய பாகம்தான் என்றால் டாடா நெக்ஸான் போன்ற 110 குதிரை டர்போ பெட்ரோல் வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடுங்கள். சில புதிய எஞ்சின்களில் டர்பைன் கூடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு, அது உங்கள் ஹெட்டில் உட்காராது. ஆகவே கையில் எடுத்து ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) அளக்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும், அது இயல்பு, ஆனால் பிளேடு கூட்டைத் தொடக் கூடாது. நகத்தால் பிளேடு விளிம்பைத் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பாக இருந்தால் தூசு தின்றிருக்கிறது.

டீசல் டர்போ விஷயம். 1.3 டீசல் ஸ்விஃப்டில் இருந்த கேபி35 டர்போவைத்தான் காயலான் கடைகளில் காட்டுவார்கள். அளவு பார்த்தால் ஆசை வரும். ஆனால் டீசல் புகை 750, 800 டிகிரி பக்கம் என்றால், பெட்ரோல் முழு இழுவையில் 900ஐத் தாண்டும். அந்த டர்பைன் கூட்டின் உலோகம் இதற்குச் செய்ததல்ல: வேஸ்ட்கேட் வாயில் வெடிப்பு விழும், ஃபிளாப் வளைந்து மூடாமல் நிற்கும். வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரும் டீசலுக்கான அதிக பூஸ்டுக்கு அமைத்தது, அப்படியே மாட்டினால் முதல் ஏற்றத்திலேயே பிஸ்டன் காலி. 90 குதிரை டீசல்களில் வரும் விஜிடி வகை இன்னும் மோசம், உள்ளே அசையும் இறக்கைகள் பெட்ரோல் சூட்டில் இறுகிவிடும். மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சின் புகையைத் திரட்டி டர்போவுக்குத் தரும் குழாய்) இரும்பாலை இருக்கிற ஊரில் எல்லோருக்கும் ஸ்டெயின்லெஸ் ஆசை இருக்கும். பளபளப்பு நிஜம்தான். ஆனால் மெல்லிய எஸ்எஸ் 304 டியூப் சூட்டில் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், டர்போவின் எடையையும் தாங்கிக்கொண்டு ஆறே மாதத்தில் வெல்டு ஓரத்தில் கீறல் விடும். 1¼ அங்குல ஷெட்யூல் 40 ஸ்டீம் பைப் பெண்டுகள், சுவர் கனம் 3.5 மிமீ, 12 மிமீ ஃபிளாஞ்ச். அழகில்லை, உழைக்கும். வெல்டு முடிந்ததும் ஃபிளாஞ்ச் முகத்தை மில்லிங்கில் ஒரே மட்டமாக்காமல் வாங்காதீர்கள், வெல்டு சூட்டில் அது வாழை இலை மாதிரி வளைந்திருக்கும். டர்போ எடையைத் தாங்க பிளாக்கிலிருந்து தனி பிராக்கெட் கொடுங்கள். டர்போவுக்குப் பின்னால் வரும் புகைக்குழாயான டவுன்பைப் 2¼ அங்குலம் போதும்.

ஆயில் லைனில்தான் நல்ல டர்போக்கள் வீணாகப் பழி சுமக்கின்றன. ஆயில் பிரஷர் சுவிட்ச் இடத்தில் T வடிவ இணைப்பு போட்டு ஃபீட் எடுக்கலாம், பிரச்சினை இல்லை. திரும்பும் டிரெய்ன்தான் முக்கியம். உள் விட்டம் 16 மிமீக்குக் குறையக் கூடாது, டர்போவிலிருந்து கீழே கீழேயே போக வேண்டும், எங்கும் தொய்ந்து பள்ளம் விழக் கூடாது, சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) நுழையும் வாய் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போவிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தோடு வருவதில்லை, நுரையாகத் தானே வழிகிறது. வழி சற்று அடைந்தாலும் சீல் தாண்டி டர்பைனுக்குள் போய் நீலப் புகை அடிக்கும், ‘டர்போ போச்சு’ என்று சொல்லி இன்னொன்றை வாங்க வைப்பார்கள். சம்ப்பில் வாய் வைக்கும்போது அதைக் கழற்றியே வெல்டு செய்யச் சொல்லுங்கள், வண்டியில் இருக்கும்போதே துளையிட்டால் இரும்புத் துகள் நேராக பேரிங்குக்கு. ஃபீட் லைன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, ஒரு இழை பிய்ந்தால் போதும், ஆயில் துளை அடைத்துவிடும். ஆயில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

ரேடியேட்டரை மறந்துவிட்டு இன்டர்கூலருக்குப் பணம் கொட்டுபவர்கள் உண்டு. மலையில் வண்டி 25, 30 கிமீ வேகத்தில் போகிறது, முன்னால் வரும் காற்று மெல்லியது. அதற்கும் முன்னே இன்டர்கூலர், பின்னே ஏசி கண்டன்சர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர் என்றால் கடைசி ஆளுக்குச் சாப்பாடு மிஞ்சாது. அதனால் 450க்கு 180க்கு 65 மிமீ அளவு கோர் போதும், பெரிசு வேண்டாம். இரட்டை வரிசை ரேடியேட்டர், நல்ல ஃபேன், புது மூடி. மூடியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஏற்காட்டின் 0.845 பாரில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் கொதிநிலை 116க்குப் போகும், ரப்பர் போன மூடி என்றால் கீழே சேலத்தில் பிரச்சினையே காட்டாமல் மேலே போய்க் கொதிக்கும். டர்போவுக்குத் தண்ணீர் வழி உள்ள வகையாகவே வாங்குங்கள். மேலே ஏறி முடித்ததும் ஏரிக்கரையில் நிறுத்திச் சட்டென்று சாவியைத் திருப்பினால் உள்ளே நின்ற ஆயில் கருகி ஒட்டும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் போதும், டர்போ டைமர் தேவையில்லை.

யாரும் பட்டியலில் போடாத மூன்று சின்ன வால்வுகள் இருக்கின்றன. கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வு பூஸ்டில் மூடாவிட்டால் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் போய் டிப்ஸ்டிக்கைத் துப்பும், ஆயில் சீலைத் தள்ளும். பிரேக் பூஸ்டர் லைனின் ஒருவழி வால்வு பழுதாக இருந்தால் பூஸ்டருக்குள் அழுத்தம் ஏறி பெடல் கல்லாகிவிடும், அதுவும் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பக்கம் இறங்கும்போதா வேண்டும்? மூன்றாவது, டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குக் கொண்டுவரும் கேனிஸ்டர் பர்ஜ் லைனில் ஒரு ஒருவழி வால்வு. மூன்றும் சேர்ந்தாலும் டர்போ விலையில் துளி.

பிளக் ஒரு படி குளிர்ந்தது: என்ஜிகே பிகேஆர்6இ இருந்த இடத்தில் பிகேஆர்7இ, இடைவெளியை 1.1லிருந்து 0.7 மிமீக்குக் குறையுங்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, போஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி, கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். கிளட்ச் பழையது என்றால் முழு இழுவையில் நாலாவது கியரில் 3000 ஆர்பிஎம்மில் வழுக்கும், பிரஷர் பிளேட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். முடிவு உங்களுடையது, தெரிந்து எடுங்கள்.

ட்யூனிங்கை மலையில் செய்யாதீர்கள், டைனோவில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) செய்யுங்கள், கோயம்புத்தூர் பக்கத்து ஊர்தான். முழு பூஸ்டில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.80 முதல் 0.82. எத்தனால் கலவை என்பதால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை விட்டு லாம்டாவிலேயே யோசியுங்கள். இக்னிஷனை ஒவ்வொரு 0.1 பாருக்கும் 1.5 டிகிரி பின்னுக்கு இழுத்துத் தொடங்கலாம். மேனிஃபோல்டு 1.65 பாரைத் தாண்டினால் பெட்ரோலை வெட்டும்படி ஈசியுவில் எல்லை வையுங்கள், வேஸ்ட்கேட் டியூப் கழன்றால் காப்பாற்றப்போவது அதுதான்.

பிறகு முதல் ஏற்றம். அடிவாரத்திலிருந்து காலையில், ஏசி இல்லாமல், ஒரு ஆளோடு. பத்தாவது வளைவுக்குள் தண்ணீர் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் திரும்பிவிடுங்கள். மேலே போய்ச் சேர்ந்து எஞ்சின் ஆறியதும் நாலு பிளக்கையும் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெயிலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுத்தமாக இளம் பழுப்பில் இருந்தால் சரி. மிளகுப் பொடி தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக் அடித்திருக்கிறது, இக்னிஷனை இன்னும் 2 டிகிரி பின்னுக்கு இழுத்து, கீழே இறங்கும் வரை பூஸ்ட் பக்கமே போகாதீர்கள். ஊசிமுனை அளவில் வெள்ளி போல மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்தி டிரக்கில் ஏற்றி இறக்குங்கள்.